பசலி பார்த்துத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, சத்தியவேடு பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பெயருக்கு முன்னால் ‘கரணம்’ என்ற வீட்டுப்பெயர் நிற்கிறது. மகாபாரதக் கர்ணனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கரணம் என்றால் ஊர்க்கணக்கர். சோழர் கல்வெட்டுகளில் கையெழுத்திடும் ‘கரணத்தான்’ இவர்தான். தெலுங்கு வழக்கில் வீட்டுப்பெயர் முன்னால் வருவதால் வேலைப்பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. தெலுங்குப் பிராமணரான நியோகிகளிலும் உண்டு, தமிழ்க் கணக்கர் சாதியான கருணீகரிலும் உண்டு. பெயர் ஒன்றாயிருக்கிறது என்பதற்காகப் பங்காளி முறை கொண்டாடிவிட முடியாது.

முப்பாட்டனைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறான ஆபீஸில் போய் நிற்கிறார்கள். திருத்தணி 1911 மார்ச் வரை வட ஆற்காடு; பிறகு சித்தூர்; 1960 ஏப்ரல் 1 முதல் செங்கல்பட்டு; 1997 முதல் திருவள்ளூர். சத்தியவேட்டுக்கு இது தலைகீழ்: 1960 வரை செங்கல்பட்டு, பிறகு சித்தூர், 2022 முதல் திருப்பதி. பழைய கணக்குகளில் ஆங்கில வருடம் பார்ப்பது அபூர்வம், பசலி என்னும் வருவாய்த்துறை வருடம்தான் இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் வருடம்; தொடக்கம் ஜூலை 1. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. திருத்தணி மாவட்டம் மாறியது அந்தப் பசலிக்குள்ளேதான், ஆகவே இரண்டு மாவட்ட ஆவணக் கட்டுகளிலும் தேட வேண்டும்.

இந்தப் பகுதியில் பெரும்பாகம் கார்வேட்டிநகரம் ஜமீன். ஜமீன் கிராமங்களுக்கு ரயத்துவாரி செட்டில்மென்ட் (அரசே உழவரிடம் நேராக வரி வாங்கும் ஏற்பாடு) வந்ததே 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு. அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை (சர்வே எண்வாரியாக நிலம் யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கு) தாலுகா ஆபீஸில் கேட்டு அலைவது வீண். சார்பதிவாளர் ஆபீஸில் பழைய பத்திரம் பாருங்கள். ஆனால் ‘எழுதினது, இவ்வூர் கரணம் இன்னார்’ என்று பத்திரத்தின் அடியில் இருந்தால், அவர் பத்திரத்தைக் கையால் எழுதிய எழுத்தர் மட்டுமே. நிலம் அவருடையது அல்ல.

பெயரும் ஏமாற்றும். தெலுங்கில் ‘ழ’ கிடையாது. ஏழுமலை அங்கே ஏளுமலை ஆகலாம், ஏலுமலை ஆகலாம். பழைய ஆங்கில ஏடுகளில் கரணத்தை ‘கே’யில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அன்று ‘சி’ போட்டும் எழுதினார்கள்.

கரணமாகக் கையெழுத்திட்டவர் எல்லாம் வாரிசு என்றும் எண்ண வேண்டாம். 1894, 1895ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி பதவி மூத்த வாரிசு ஒருவருக்கே. அவர் மைனராக இருந்தால் வாரிசாகப் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பார்கள். அந்த வேறொருவரைத் தாத்தாவாக்கி வம்சாவளி எழுதினால் கிளையே மாறிப்போகும். கையெழுத்தை விடுங்கள், நியமன உத்தரவைத் தேடுங்கள். வாரிசுத் தகராறு நடந்த ஊர் என்றால் யோகம்தான்: இரு தரப்பும் கொடுத்த வம்சாவளி அந்தக் கட்டிலேயே இருக்கக்கூடும். பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பல பதிவுகளில் ‘ஆண்’ என்பதும் தகப்பன் பெயரும்தான்.

கரணம் பதவி தமிழ்நாட்டில் 1980 நவம்பரிலும் ஆந்திராவில் 1984 ஜனவரியிலும் ஒழிந்தது. கரணங்கள் வீட்டில் வைத்திருந்த கட்டுகள் எல்லாமே தாலுகாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பரணில் தெலுங்கு எழுத்தில் ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் தெலுங்கு படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
நகரி.