யூதத் தெரு அஞ்சலட்டை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மட்டாஞ்சேரி யூதத் தெருவையும் அதன் கோடியில் நிற்கும் பரதேசி (வேற்று நாட்டிலிருந்து வந்த யூதர்கள்) யூதப்பள்ளியின் மணிக்கூண்டையும் வண்ணத்தில் காட்டும் பழைய பட அஞ்சலட்டையும், அதனுடன் சேர்ந்த கொச்சிக் காட்சி அட்டைகளும் இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் நம் வாசகசாலைக்கு வந்து சேர வேண்டும். அவற்றைப் பேணிவரும் குடும்பம் ஊரை விட்டுச் செல்லவிருப்பதால், வைகாசி 10 வரை மட்டுமே நமக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. இன்னும் ரூ. 1,78,000 குறைகிறது.

அந்த அட்டையில் உள்ள ஆலயம் 1568-ல் கொச்சி அரசர் அளித்த நிலத்தில் எழுந்தது. தம் அரண்மனைக்கும் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் அருகிலேயே வேற்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வழிபடும் இடம் கொடுத்த அரசரின் பெருந்தன்மையை நம் பெரியவர்கள் இன்றும் நெகிழ்ந்து பேசுகிறார்கள். 1662-ல் போர்ச்சுக்கீசியர் அதைச் சிதைத்தார்கள். டச்சுக்காரர் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் வணிகர் எசக்கியேல் ரகபி மணிக்கூண்டைக் கட்டி, சீனத்திலிருந்து கைவண்ணம் தீட்டிய நீல ஓடுகளை வரவழைத்துத் தளம் பாவினார். 1968-ல் நடந்த 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அதையொட்டி அஞ்சல் துறை ஆலயத்தின் உட்புறத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அன்று தெருவோரம் நின்று பார்த்த நம் குழு மூத்தவர்கள் மூவர் அந்த நாளைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் சுமார் 1000-ஆம் ஆண்டில் யூதர் தலைவர் இஸ்ஸுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ண (வணிகக் குழு) உரிமையும் பிற சிறப்புகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. பகல்விளக்கு, பாவாடை, குடை என்று அதில் வரும் சொற்களைத் தமிழ்ப் பிள்ளைகள் உரை இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் நகலை அஞ்சலட்டைக்கு அருகில் வைக்க விரும்புவது அதனால்தான்.

செலவு இது: அட்டைத் தொகுப்புக்கு ரூ. 1,40,000, பெரிதாக்கிய படங்களுக்கும் கண்ணாடிச் சட்டங்களுக்கும் ரூ. 85,000, செப்பேட்டு நகலுக்கு ரூ. 65,000, வாசகசாலையின் கூரை ஒழுக்கையும் சுவர் ஈரத்தையும் சரிசெய்ய ரூ. 2,60,000. மொத்தம் ரூ. 5,50,000. கூரைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம்: கொச்சியின் ஈரக்காற்றில் பழைய தாள் ஒரு மழைக்காலத்துக்குள் பூசணம் பிடிக்கும்; ஒழுகும் அறையில் வைப்பதற்காக இதை வாங்குவது பாவம்.

இதுவரை சேர்ந்தது ரூ. 3,72,000. தம் ஒருநாள் கூலியை அப்படியே கொண்டுவந்து கொடுத்த சலவைத் தொழிலாளர்களுக்கும், மாதந்தோறும் தவறாமல் ரூ. 200 அனுப்பிய தையற்கடைப் பெண்களுக்கும், பேத்தியின் காதணிக்காகச் சேர்த்த பணத்தில் பாதியைத் தந்த மூதாட்டிக்கும், உண்டியலை உடைத்து எண்ணிப் பார்க்காமலே எங்கள் முன் கொட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டில் வேலை செய்துகொண்டே இரண்டு முறை பணம் அனுப்பிய இளைஞர்களுக்கும், பெயர் வேண்டாம் என்று சொல்லி உறையை மேசையில் வைத்துச் சென்றவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். பகவதி அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை அறிவித்த 41 குடும்பங்களில் 17 குடும்பங்கள் இன்னும் செலுத்தவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம். கஷ்டத்தில் இருப்பவர்களிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை; ஆனால் சபை அறியச் சொன்ன வாக்கை வசதியிருந்தும் மறந்திருப்பது கூலிப்பணம் தந்தவர்களின் முகத்தைப் பார்க்க நம்மைக் கூச வைக்கிறது. அந்த 17 குடும்பங்கள் அறிவித்த தொகை மட்டும் ரூ. 96,000.

மீதி ரூ. 82,000 புதிதாகச் சேர வேண்டும். இயன்றதை வாசகசாலையில் மாலை 5 முதல் 8 மணி வரை பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவுசெலவுப் பேரேடு அங்கேயே மேசையில் இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம். வைகாசி 10-க்குள் தொகை நிறையாவிட்டால், தந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது கூரை வேலைக்கு விட்டுவைக்கலாம்.

இங்ஙனம்,
வாசகசாலைக் குழுவினர்,
மட்டாஞ்சேரி