'வாங்கினோம், அப்படியே போட்டோம்'ங்கிற வரிய இனிமே விடாதீங்க: வேதியியல் ஜர்னல் எடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடிட்டர்ஸ், ரெவ்யூவர்ஸ் எல்லாருக்கும் வணக்கம்.

பேப்பர்ல எக்ஸ்பெரிமென்டல் பகுதி ஆரம்பிக்கும்போதே ஒரு வரி வரும், "எல்லா ரீஏஜென்ட்டும் கம்பெனில வாங்கி, சுத்தம் பண்ணாம அப்படியே யூஸ் பண்ணோம்"னு. (ரீஏஜென்ட்னா ரியாக்ஷனுக்குப் போடற கெமிக்கல்.) நீங்களும் பாத்துட்டு தாண்டிப் போயிடறீங்க. அதை நம்பி வேற லேப்ல ஒரு பிஎச்டி ஸ்டூடன்ட் அதே ரியாக்ஷனப் போட்டு ஈல்டு (கிடைக்க வேண்டிய பொருளோட அளவு) வரலன்னா, கைடு முதல்ல சந்தேகப்படறது அந்தப் பிள்ளையோட கைய, பாட்டில இல்ல.

பாட்டில் பண்ண வேலைக்கு சரித்திரமே இருக்கே. நொசாகி-ஹியாமா-கிஷி ரியாக்ஷன (குரோமியம் வச்சு கார்பனோட கார்பன சேக்கறது) எடுத்துக்கோங்க, குரோமஸ் குளோரைடு ஒரு பாட்டில்ல இருந்து எடுத்தா சூப்பரா ஓடும், இன்னொண்ணுல எடுத்தா படுத்துக்கும், கடைசில 1986-ல கிஷி குரூப்பும் நொசாகி குரூப்பும் தனித்தனியாவே கண்டுபிடிச்சாங்க, உள்ள துளியூண்டு கலந்திருந்த நிக்கல்தான் வேலையே பாத்திருக்குன்னு. இப்ப நிக்கல நாமளே அளந்து போடறோம். 2003-ல உலோக கேட்டலிஸ்டே (வினையூக்கியே) இல்லாம சுசுகி கப்ளிங்னு (வழக்கமா பல்லேடியம் போட்டு ரெண்டு கார்பன் துண்ட இணைக்கிற ரியாக்ஷன்) ஒண்ணு வந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு அதே குரூப் நோண்டிப் பாத்தா பேஸா போட்ட சோடியம் கார்பனேட்ல 50 பிபிபி (நூறு கோடில 50 பங்கு) அளவுக்கு பல்லேடியம் (அதை அவங்களே பேப்பரா போட்டாங்க பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு). 2009-ல புச்வால்டும் போல்மும் சேர்ந்து ஃபெரிக் குளோரைடு கேட்டலிஸிஸ்னு நம்பின சில கப்ளிங்ல பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குல இருக்கிற காப்பர் தான் ஆளுன்னு காட்டினாங்க.

இத்தனைக்கும் அப்புறம் லாட் நம்பர் (பாட்டில் எந்த பேட்ச்ல தயாரானதுங்கிற எண்) கேக்க என்ன தயக்கம்னு எனக்குப் புரியல. பல்லேடியம் டிபிஏ காம்ப்ளெக்ஸ (கப்ளிங்குக்குப் போடற ஒரு கேட்டலிஸ்ட்) கடையில வாங்கினா சில சாம்பிள்ல 40 சதவீதம் வரைக்கும் பல்லேடியம் நானோ துகளா இருக்கலாம்னு 2012-லயே சொல்லிட்டாங்க, ஆனா இன்னும் "1 மோல் சதவீதம் போட்டோம்"னு எழுதறோம், எதோட 1 சதவீதம்?

பியூட்டைல் லித்தியம் (காத்து, ஈரம் பட்டா கெட்டுப்போற பலமான பேஸ்) கதை இன்னும் மோசம். லேபிள்ல 2.5 மோலார்னு இருக்கும், நாலு பேர் ஊசி குத்தி எடுத்த பாட்டில், செப்டம் (ரப்பர் மூடி) பூரா ஓட்டை, அடியில வெள்ளையா படிஞ்சு கிடக்கும், அப்பவும் 1.1 ஈக்விவலன்ட்னு கணக்கு லேபிள வச்சுத்தான். டைட்ரேட் பண்றது (உண்மையான செறிவ அளக்கறது) ஒண்ணும் பெரிய வேலை இல்லங்க, நல்லா காஞ்ச டைஃபீனைல் அசிட்டிக் ஆசிட நிறுத்து எடுத்து, டிரை டிஎச்எஃப்ல (தண்ணி நீக்கின ஒரு கரைப்பான்) கரைச்சு, ஆர்கான் ஓட்டிக்கிட்டு சிரிஞ்ச்ல சொட்டு சொட்டா விட்டா, இளமஞ்சள் வந்து வந்து மறையும், மறையாம நிக்குற இடம்தான் கணக்கு. அந்த நம்பர எழுதச் சொல்லுங்க.

'டிரை' டிஎச்எஃப்னு சொன்னா எவ்ளோ டிரைன்னும் கேளுங்க. சோடியம்-பென்சோஃபீனோன்ல (தண்ணி போயிடுச்சுன்னு நிறத்த வச்சு சொல்ற பழைய முறை) நீலம் வந்துட்டா போதும்னு இருந்தோம், 2010-ல அளந்து பாத்தப்ப 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்குலர் சீவ்ல (தண்ணிய உறிஞ்சற நுண்துளை மணிகள்) ரெண்டு மூணு நாள் சும்மா வச்ச டிஎச்எஃப்ல அதை விட தண்ணி கம்மி. கார்ல் ஃபிஷர் மெஷின் (தண்ணி அளவ அளக்கறது) இருக்கிற லேப் பிபிஎம்ல ஒரு நம்பர் தரட்டுமே. எல்லாத்துக்கும் எலும்பு வரைக்கும் காயணும்னும் இல்ல, டெஸ்-மார்டின் ஆக்சிடேஷன் (ஆல்கஹால ஆல்டிஹைடாவோ கீட்டோனாவோ மாத்தறது) துளி தண்ணி இருந்தா வேகமா ஓடும்னு 1994-லயே காட்டியாச்சு, அதனால தான் நம்பர் வேணுங்கிறேன்.

போரோனிக் ஆசிட் பாட்டில்ல எவ்ளோ போராக்சின் (அந்த ஆசிட்ல இருந்து தண்ணி போனா வர்றது), குளோரோஃபார்ம்ல ஸ்டெபிலைசரா எத்தனாலா அமைலீனா, குப்ரஸ் குளோரைடு வெள்ளையா இருந்துச்சா பச்சையாயிடுச்சா, இதெல்லாம் ஆளுக்கு அரை வரி. இடம் இல்லன்னு சொல்லாதீங்க, சப்ளிமென்டரி ஃபைல் 200 பக்கம் என்எம்ஆர் படமா வருது.

ஆர்கானிக் சிந்தசிஸ்ங்கிற ஜர்னல்ல 1921-ல இருந்து ஒவ்வொரு புரொசீஜரையும் எடிட்டர் ஒருத்தரோட லேப்ல போட்டுப் பாத்துத்தான் வெளியிடறாங்க, எந்த ரீஏஜென்ட் எங்க வாங்கினது, எப்படி சுத்தம் பண்ணதுன்னு அடிக்குறிப்புல இருக்கும். உங்கள அந்த அளவுக்குக் கேக்கல. சப்மிஷன் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் சேருங்க: முக்கியமான ரீஏஜென்ட்டோட சப்ளையர், லாட், தரம். அப்புறம் புது கேட்டலிஸ்ட்னு யார் வந்தாலும் வேற கம்பெனி லாட்ல ஒரு தடவையும், கேட்டலிஸ்ட் போடாம புது ஸ்டிரர் பார்ல (கலக்கற காந்தத் துண்டு, பழசுல உலோகம் ஒட்டியிருக்கலாம்) ஒரு தடவையும் ஓட்டின ரிசல்ட்.

நீங்க சேக்கிற வரைக்கும் என்கிட்ட ரெவ்யூக்கு வர்ற பேப்பர்ல நான் கேக்கத்தான் போறேன், ஆத்தர்ஸ் புலம்பல் உங்க மெயிலுக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
உங்க ரெவ்யூவர்ஸ்ல ஒருத்தர்