குழுவுக்குக் கையடக்க ஜிபிஎஸ்: ஞாயிறு முடிவு செய்கிறோம்

வணக்கம் நண்பர்களே,

போன மாதம் கொல்லிமலையில் மழை பிடித்தபோது நனைந்த போன் திரை விரலுக்கு அசையவே இல்லை. மதியத்துக்குள் மூன்று போன்களில் சார்ஜும் தீர்ந்தது. இனி அப்படிப் போக வேண்டாம். பொத்தான் வைத்த ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்குவோம்.

கூட்டம்: வரும் ஞாயிறு, மாலை 5 மணி, பூங்கா வாசல்.

பார்த்து வைத்தவை, மூன்றும் கார்மின் நிறுவனத்தின் கருவிகள்:

1. இடிரெக்ஸ் 22எக்ஸ்: 2 ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம். ஆனால் திசைகாட்டி சென்சார் இல்லை. நடந்தால்தான் திசை காட்டும், நின்றால் குழப்பும்.
2. இடிரெக்ஸ் 32எக்ஸ்: அதே கருவிதான், திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல்.
3. ஜிபிஎஸ்மேப் 65எஸ்: செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும், அதனால் அடர்ந்த காட்டில் துல்லியம் கூடும். பேட்டரி சுமார் 16 மணி நேரம்தான், விலையும் அதிகம்.

என் ஓட்டு 32எக்ஸுக்கு. வழி பிரியும் இடத்தில் நின்றுதானே திசை பார்க்கிறோம்!

முக்கியம்: செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வகை வேண்டவே வேண்டாம். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடமும் வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. சனி இரவு 9 மணிக்குள் 22, 32, 65 என எண்ணை மட்டும் பதிலிடுங்கள்.
2. பழைய கருவி இருந்தால் எடுத்து வாருங்கள், கையில் பிடித்துப் பார்க்கலாம்.
3. பதிவு செய்த பாதைகளின் ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் பாதையைச் சேமிக்கும் வகை) கோப்புகளை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

வர முடியாதவர்களும் பதில் மட்டும் போட்டுவிடுங்கள்.