புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்

அன்புள்ள கண்ணம்மா,

"நாலு தடவை படிச்சிட்டேன்ப்பா, ஆனா எழுத உட்கார்ந்தா எதுவும் வர மாட்டேங்குது" என்று நேற்று போனில் சொன்னாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதி அனுப்பினால் நிதானமாகப் படிப்பாய் என்று தோன்றியது.

உன் உழைப்பில் குறையே இல்லை. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதையெல்லாம் தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடும். பரீட்சையிலோ பார்க்காமல் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு நீ இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்றிலும் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த பிரிவினர்தானாம்! உன் தவிப்புக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் வருவதையெல்லாம் எழுது. வராத இடத்தில் உடனே புரட்டாதே, கொஞ்சம் தவி. அந்தத் தவிப்பு வீண் போகாது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்துக்கொள். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளிலிருந்து தொடங்கு. மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை மறுபடி எழுதிப் பார். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் ஒரு பாடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அதையே ஐந்து நாளுக்குப் பிரித்துப் படித்தால் நெடுநாள் நிற்கும். எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர் தன் நினைவையே சோதித்து 1885-இல் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கணக்கு என்றால் பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து போடு. எந்த முறையில் போடுவது என்று நீயே கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பழைய வினாத்தாள்களைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கி வைக்காமல் இப்போதே கடிகாரம் பார்த்து எழுது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

தூக்கத்தை மட்டும் குறைக்காதே, அம்மாடி. பகலில் படித்தது தூங்கும்போதுதான் மூளையில் நன்றாகப் பதிகிறது. விடிய விடிய விழித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இந்த வாரம் படித்ததில் ஒரு பாடத்தை, புத்தகம் இல்லாமல் எனக்குச் சொல்லிக் கொடு. உன் பாடத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது, அதனால் நிறையக் கேள்வி கேட்பேன். நீ எங்கே தடுமாறுகிறாயோ, அதைக் குறித்து வைத்துக்கொள். திங்கட்கிழமை அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
அப்பா