எண் பலகை எழுதித் தர மாட்டேன், கயல்

சிம்மக்கல்,
மதுரை.

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் எழுத்துகள் கொடிபோல் வளைந்து பலகையின் ஓரம்வரை படர்ந்திருக்கின்றன. இரண்டாவதில் வண்டியின் எண் முழுவதும் தமிழ் எண்களில் இருக்கிறது. மூன்றாவதில் பின்புற மட்கார்டையே கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவுள்ள பலகை ஒன்றைச் சீட்டுக்கு அடியில் செருகியிருக்கிறார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றை நானே தூரிகையால் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் "முடியாது" என்று சொல்லியிருந்தால் அது கோபம்போலத் தெரிந்திருக்கும் என்பதால், காரணங்களை உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வண்டி 2022-இல் வாங்கியது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான எந்த வண்டிக்கும் உயர் பாதுகாப்பு எண் பலகையை ஷோரூமிலேயே பொருத்தித்தான் தர வேண்டும் என்பது விதி. உன் வண்டியில் இருப்பதும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டில் எழுத்துகளை அச்சு வைத்துப் புடைக்கச் செய்திருப்பார்கள். இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐஎன்டி என்ற மூன்று எழுத்து, இடது கீழ் ஓரத்தில் லேசரால் பொறித்த தனி அடையாள எண் ஆகியவை இருக்கும். எழுத்தின் கறுப்பைச் சாய்த்துப் பார், "இந்தியா" என்ற சொல் ஆங்கிலத்தில் 45 பாகை சாய்வில் ஓடுவது தெரியும். பின்புறப் பலகையைத் திருகாணியால் முடுக்காமல், உடைத்தால் மட்டுமே கழலும் பூட்டால் பொருத்தியிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு என் கையெழுத்தை மாட்டினால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது எண் பலகையே அல்ல.

இந்தத் தகடு வந்த பிறகு என் தொழிலில் பாதி போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். மீதிப் பாதியை அதற்கு முன்பே ரேடியம் ஸ்டிக்கர் கடைகள் எடுத்துக்கொண்டன. அப்படியிருந்தும் நான் இதற்காக வாதாடுவது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

விதி இன்று நேற்று வந்ததல்ல. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆவது விதி பலகையைப் பற்றியும், 51-ஆவது விதி எழுத்தின் அளவைப் பற்றியும் பேசுகின்றன. மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் எழுத்தின் உயரம் 35 மில்லிமீட்டர், எண்ணின் உயரம் 40, இரண்டுக்கும் கோட்டின் தடிமன் 7, இடைவெளி 5. முன்புறத்தில் எழுத்தும் எண்ணும் 30 மில்லிமீட்டர் உயரம், தடிமன் 5, இடைவெளி 5. எழுபது சிசிக்கும் குறைந்த மொபெட்டுக்கு முன்புறம் வெறும் 15 மில்லிமீட்டர்தான், அதில் கோட்டின் தடிமன் இரண்டரை. டிவிஎஸ் 50-இன் முன்பலகையை எழுதும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன் என்று சிறுவயதில் நீ சிரிப்பாயே, அதற்குக் காரணம் அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான்.

பின்பலகை 200-க்கு 100. இரண்டு வரியாக எழுதினால் 35-உம் 40-உம் சேர்ந்து 75 போய்விடும். மீதமுள்ள 25 மில்லிமீட்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வோர் இடத்திலும் எட்டுச் சொச்சம் கிடைக்கும். கொடிக்கும் பூவுக்கும் இதில் எங்கே இடம் இருக்கிறது? முன்பலகை 285-க்கு 45. அதில் மேலும் கீழும் ஏழரை மில்லிமீட்டர் மிஞ்சும். தொழில் தெரிந்தவன் அந்த வெள்ளை இடத்தைத் தொட மாட்டான், ஏனென்றால் தொலைவிலிருந்து எழுத்தைப் படிக்க வைப்பதே அந்த வெற்றிடம்தான்.

நான் எப்போதும் இப்படி இருந்தவன் அல்லன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, பலகைகள் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருந்த காலத்தில், ஓர் இளைஞர் ஆர்எக்ஸ் 100 வண்டியோடு கடைக்கு வந்தார். அவருடைய எண் 8055. எட்டை ஆங்கில "பி" போலவும், சுழியத்தை "ஓ" போலவும், இரண்டு ஐந்துகளையும் "எஸ்" போலவும் வளைத்தால் "பாஸ்" என்று படிக்கலாம். கேட்டபடி எழுதித் தந்தேன். அணில் முடித் தூரிகையில் ஒரே இழுப்பில் அந்த இரண்டு "எஸ்"களையும் முடித்தது எனக்கே பெருமையாக இருந்தது. சில மாதங்கள் கழித்து, யானைக்கல் பக்கம் மாலை இருட்டுகிற நேரத்தில், காய்கறிக் கூடையோடு சாலையைக் கடந்த ஒரு வயதான அம்மாளை ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைப் பையன், "வண்டியில் நம்பரே இல்லை, பாஸ் என்றுதான் எழுதியிருந்தது" என்று சொன்னான். ஒரு காவலர் பலகை எழுதும் கடை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, அது என் கையெழுத்துதான் என்று நானே சொன்னேன். அந்த அம்மாள் பிழைத்தார், ஆனால் மறுபடி கூடை சுமக்கவில்லை. விதிப் புத்தகத்தையும் மில்லிமீட்டர் ஸ்கேலையும் நான் வாங்கியது அந்த வாரத்தில்தான்.

தமிழ் எண்களைப் பற்றி நீ கேட்டது எனக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் தந்தது. ௪-உம் ௭-உம் என் தூரிகைக்கு எவ்வளவு பிடித்தவை என்பதை நீ அறிவாய். ஆனால் 50-ஆவது விதி, எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 என்ற அரபு எண்களிலும் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மொழிமீதுள்ள பற்று வேறு, பிற மாநிலச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உன் வண்டியை அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும் என்பது வேறு. நீ இருக்கும் பெங்களூரில் ௬-ஐயும் ௯-ஐயும் யார் பிரித்துப் படிப்பார்கள்? நம் ஊரிலேயே பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம்.

பலகையின் மீது பெயர், படம், கட்சிக் கொடி, சாமி படம் எதுவும் கூடாது. சென்னையில் 2024 மே 2-ஆம் தேதி முதல், வண்டிகளில் "வழக்கறிஞர்", "பத்திரிகை", "காவல்" என்றெல்லாம் அனுமதியின்றி ஒட்டிக்கொள்பவர்கள் மீது போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். குறைபாடுள்ள பலகைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது என்று நீ சொல்வாய். ஆனால் இப்போது கேமரா படிக்கிறது. உன் வளைந்த 3-ஐ அது 8 என்று படித்தால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்குச் சலான் போகும்.

மூன்றாவது படத்தில் இருப்பதை "டெயில் டைடி" என்கிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலகை வானத்தைப் பார்த்துச் சாய்ந்துவிடுகிறது, அதற்கு மேலிருந்த விளக்கும் மட்கார்டோடு போய்விடுகிறது. இரவில் பின்பலகை முழுவதும் வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பையும் சிலர் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் முதுகெல்லாம் சேறு படியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. பெங்களூரிலேயே தங்குவதாக இருந்தால், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டி அங்கே இருக்கும்போது கர்நாடகப் பதிவெண் வாங்கியாக வேண்டும். சட்டத்தின் 47-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆவது படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே 27-ஆவது படிவத்தில் விண்ணப்பித்து, ஆயுட்கால வரியையும் கட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு டிஎன் 58 போய்க் கேஏ வந்துவிடும். அப்போது நான் எழுதித் தந்த பலகை பரண் மேல்தான் கிடக்கும். உன் நிறுவனத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருந்தால், மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டாத, 2021-இல் வந்த பாரத் வரிசையில் எண் வாங்கவும் வழி உண்டு. ஆண்டின் இரண்டு இலக்கம், பிஎச், நான்கு இலக்க எண், பிறகு எழுத்துகள் என்று அது வரும். அதற்கு வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். பதிவான பழைய வண்டியையும் அதற்கு மாற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். மாற்றல் அடிக்கடி வரும் என்றால் அலுவலகத்தில் கேட்டுப் பார்.

பலகையில் நிறத்துக்கு இடமே இல்லையா என்று கேட்டாய். நிறம் உண்டு, ஆனால் அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு, மின்சார ஸ்கூட்டருக்குப் பச்சையில் வெள்ளை. தனித்த அழகு வேண்டுமென்றால் உன் சித்தப்பாவின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைத்தான் பார்க்க வேண்டும். முதல் பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் "விஏ" என்ற தனி எழுத்து வரிசை வந்திருக்கிறது. ஆனால் புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அன்றாடம் ஓட்டவும் முடியாது. இதைக் கேட்டதும் சித்தப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

ஆகவே பலகையை அப்படியே விட்டுவிடு. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடை. ஷாம்பூ போதும், தின்னரைத் தொடாதே. எழுத்தையும் ஹாலோகிராமையும் மறைக்காத ஒரு கறுப்புச் சட்டம் வேண்டுமானால் போட்டுக்கொள். ஹெல்மெட்டில் எழுதித் தரச் சொல்லாதே, பெயிண்டில் உள்ள தின்னர் அதன் ஓட்டைப் பலவீனமாக்கிவிடும். அதற்குப் பதிலாக, வண்டியின் பக்கவாட்டு மூடிகள் இரண்டையும் கழற்றிப் பொங்கலுக்கு வரும்போது பையில் போட்டுக் கொண்டு வா. மூடி உன்னுடையது, அதில் கொடியும் வரலாம், ௪-உம் ௭-உம் வரலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமலில் எழுதி, மேலே ஒரு கிளியர் கோட் அடித்துத் தருகிறேன். காய இரண்டு நாள் ஆகும் என்பதால் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே புறப்படும்படி டிக்கெட் எடுத்துவிடாதே.

என்ன சொல் எழுத வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. உன் முழுப் பெயர் என்றால் ழகரத்தின் வாலுக்குக் கீழே கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டுக் கோடு போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா