காந்தம் கழன்றால் பசையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வந்த மோட்டார் பழுதுபார்ப்புக் கட்டுரையில், ரோட்டாரிலிருந்து (மோட்டாரில் சுழலும் பகுதி) கழன்ற காந்தத்தை உடனடிப் பசை வைத்து ஒட்டிவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. மற்றபடி நல்ல கட்டுரைதான். ஆனால் அந்த வரியை நம்பி ஒட்டிய காந்தம் மறுபடியும் கழன்றால், ரோட்டாருக்கும், அசையாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டருக்கும் நடுவில் சிக்கி, அதிலுள்ள வைண்டிங்கையும் (கம்பிச் சுருள்) சேர்த்துக் கிழித்துவிடும். காந்தம் ஏன் கழன்றது என்று பார்க்காமல் பசையை மட்டும் மாற்றிப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 20 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தம் ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். அதன் நடுப்பகுதி அச்சிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கிறது, ரோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். காந்தத்தை வெளியே இழுக்கும் விசை 100 நியூட்டனை ஒட்டி வரும். 10 கிலோ எடையை அதில் தொங்கவிட்டதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 12,000 சுற்றில் அது 40 கிலோ. ஒட்டும் பரப்பு 260 சதுர மி.மீ. இருப்பதால், 6,000 சுற்றில் ஒரு சதுர மி.மீட்டருக்கு 0.4 நியூட்டன்கூட விழவில்லை. 12,000 சுற்றில் 1.5 நியூட்டன். நல்ல எப்பாக்சியோ அக்ரிலிக் பசையோ சுத்தமான இரும்பில், அறை வெப்பத்தில், சதுர மி.மீட்டருக்கு 15 முதல் 25 நியூட்டன் வரை தாங்கும். கணக்குப்படி பத்து மடங்கு கையிருப்பு இருக்கிறது. இருந்தும் கழல்கிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

கழன்ற காந்தத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பசை முழுக்கக் காந்தத்தோடு வந்து, ரோட்டார் பளபளவென்று வெறுமையாக இருந்தால், இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது அல்லது சொரசொரப்பு ஏற்றவில்லை. பசை இரண்டு பக்கமும் பாதி பாதியாகக் கிழிந்து ஒட்டியிருந்தால் ஒட்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. சூடோ பாரமோ பசையின் சக்தியை மீறியிருக்கிறது. பசையின் மேல் மெல்லிய வெள்ளித் தகடு போல நிக்கல் பூச்சு தங்கி, காந்தம் கறுத்த உடம்போடு தனியாக வந்திருந்தால் பூச்சே உரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காந்தத்தை மறுபடி ஒட்டாமல் ஒதுக்கிவிடுங்கள். பசையின் மேற்பரப்பு அங்கங்கே கண்ணாடி மாதிரி வழவழப்பாக, குமிழியோடு இருந்தால் அந்த இடம் எதன்மேலும் படவே இல்லை.

கடைசியாகச் சொன்ன வகை, தட்டைக் காந்தத்தை உருண்டை ரோட்டாரில் ஒட்டும் இடத்தில் அடிக்கடி வரும். மேலே சொன்ன 13 மி.மீ. அகலக் காந்தத்தை 45 மி.மீ. விட்டமுள்ள ரோட்டாரில் வைத்தால் நடுவில் ஒரு கோடு மட்டுமே தொடும். இரண்டு ஓரத்திலும் கிட்டத்தட்ட 1 மி.மீ. இடைவெளி நிற்கும். அதைப் பசையால் ரொப்புவது பலனில்லை. ரோட்டாரில் காந்தம் உட்காரும் இடங்களைத் தட்டையாக மில்லிங் செய்ய (எந்திரத்தில் செதுக்க) வேண்டும், இல்லையென்றால் வளைவுக் காந்தம் வாங்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரோட்டார் இரும்புக்கு 80 முதல் 120 நம்பர் தாள் போதும். தேய்த்தபின் மறுபடி துடையுங்கள். வெள்ளைத் துணியில் கறை வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படர்ந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. பார்த்தபின் நன்றாக உலர்த்தி, துரு பூக்கும் முன் ஒட்டிவிட வேண்டும். பழைய பிசின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

காந்தத்தின் பக்கம் கை அடக்கமாக இருக்க வேண்டும். நிக்கல் பூச்சு பொதுவாக 10 முதல் 20 மைக்ரான் கனம்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 80 நம்பர் தாளை அதில் வைத்தால் பூச்சு போய் உள்ளே இருக்கும் கலவை வெளியே தெரியும். பிறகு ஈரம் பட்டுப் பட்டு அது துருப்பிடித்துப் பொடியாக உதிரும். நைலான் தேய்ப்பானால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும். இரும்பைத் தேய்க்கும் வேலையைக் காந்தங்கள் இருக்கும் மேசையில் செய்யாதீர்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஏறிவிட்டால் துணிக்கு வராது. ஒட்டுநாடாவை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டியிருக்கும். ஒட்டும் முகத்தில் தங்கிய ஒரு பிசிறு காந்தத்தைத் தூக்கிப் பிடித்துவிடும்.

இனி, பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம்: பசையின் கனம். மெல்லியதாக இருந்தால்தான் பலம் என்று காந்தத்தை அழுத்தி, இருக்கிற பசையை எல்லாம் பிதுக்கி வெளியேற்றிவிடுகிறார்கள். அழுத்தாவிட்டாலும் காந்தம் தானாகவே இரும்பைக் கவ்விப் பசையைப் பிதுக்கிவிடும். இரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். நியோடிமியம் காந்தமோ, காந்தமேறிய திசைக்குக் குறுக்கே, சூட்டில் விரியாமல் மிகச் சிறிதளவு சுருங்கும். 20 மி.மீ. நீளத்தில் 100 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 26 மைக்ரான் வரை, அதாவது ஒவ்வொரு முனையிலும் 13 மைக்ரான். பசை 20 மைக்ரான் கனமாக இருந்தால் தன் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அது பக்கவாட்டில் இழுபட வேண்டும். எந்தப் பசையும் அதைத் தினம் தினம் தாங்காது. முனையில் விரிசல் விட்டு நடுவை நோக்கி நகரும். அதே பசை 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. இருந்தால் இழுபடுவது 13 சதவீதம்தான். இந்த இடைவெளியைக் காப்பாற்ற 0.1 மி.மீ. கண்ணாடி மணிகள் கலந்த பசை கிடைக்கிறது. அது இல்லையென்றால் அதே கனத்தில் நைலான் இழை இரண்டை நீளவாக்கில் வைத்து அதன்மேல் காந்தத்தை உட்கார்த்தலாம். நீளக் காந்தம் ஒன்றுக்குப் பதில் குட்டையாக இரண்டைப் போடுவதும் இதற்காகத்தான்: நீளம் பாதியானால் இழுபடுவதும் பாதியாகும், காந்தத்துக்குள் சுழன்று ஓடி அதைச் சூடாக்கும் சுழல் மின்னோட்டமும் குறையும்.

உடனடிப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், ஏன் கூடாது என்பது இதிலேயே அடங்கிவிட்டது. இறுகியபின் அது கண்ணாடி போல நொறுங்கும், இடைவெளியை நிரப்பாது, சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் தளரும். கடையில் கிடைக்கும் இருகூறு எப்பாக்சி அதைவிட மேல். ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சிகளில் பல 50 முதல் 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஓடும் மோட்டார் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் ஒட்டுப் பலத்தைவிட, எத்தனை டிகிரி வரை அந்தப் பலம் நிற்கும் என்பதைத் தேடிப் படியுங்கள். ஆக்டிவேட்டர் (பசையை இறுக வைக்கும் திரவம்) தடவி ஒட்டும் கடினப்படுத்திய அக்ரிலிக், காந்தம் ஒட்டுவதற்கென்றே மோட்டார் ஆலைகளில் புழங்கும் ரகம். அதிர்வையும் அடியையும் எப்பாக்சியைவிட நன்றாகத் தாங்கும். சூளையில் 120, 150 டிகிரியில் இறுகும் ஒருகூறு எப்பாக்சி இவை எல்லாவற்றையும்விட வலுவானது. ஆனால் காந்தத்தின் ரகம் தெரியாமல் சூளைக்குள் வைக்கக் கூடாது. எழுத்து எதுவும் பின்னால் இல்லாத சாதாரண N ரகம் 80 டிகிரி வரைக்குத்தான். H என்று முடிந்தால் 120, SH என்றால் 150, UH என்றால் 180. மீறினால் காந்தம் ஒட்டியிருக்கும், அதன் சக்திதான் போயிருக்கும்.

கழற்றும் முன் ஒவ்வொரு காந்தத்தின் மேல்முகத்திலும் பெயின்ட் பேனாவால் வரிசை எண்ணும் துருவமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று தலைகீழாக விழுந்தாலும் மோட்டார் உறுமும், உதறும், மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். மாறி மாறி வரும் துருவங்கள் பசை ஈரமாக இருக்கும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்து நகரும். அதனால் நடுவில் பிளாஸ்டிக் ஆப்பு வைக்க வேண்டும். எப்பாக்சிக்கு 24 மணி நேரம் கொடுங்கள். அறை குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இரண்டு நியோடிமியம் காந்தங்கள் துள்ளி மோதினால் ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது.

ரோட்டார் உள்ளே சுழலும் மோட்டார் என்றால், பசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் காந்தங்களைச் சுற்றி மேலே இறுக்கிப் பிடிக்க ஒரு கட்டு அவசியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பசை பக்கவாட்டு நழுவலைத் தடுக்கட்டும், வெளிநோக்கிய இழுப்பைக் கட்டு பார்த்துக்கொள்ளட்டும். காந்தம் அழுத்தத்தை வெகுவாகத் தாங்கும், இழுத்தால் சட்டென்று உடையும். ஓடும் வேகம் எதுவானாலும் அது அழுத்தத்திலேயே இருக்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவது போலத்தான் துருப்பிடிக்காத எஃகு உறையையும் மாட்டுகிறார்கள். 55 மி.மீ. வெளிவிட்டத்துக்கு 0.4 மி.மீ. கனமுள்ள 304 ரக உறையை 0.05 மி.மீ. சிறிதாகச் செய்து மாட்டினால், சதுர மி.மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். மேலே போட்ட 12,000 சுற்றுக் கணக்குக்கு இது போதும் என்று தோன்றும். குளிர்ந்த நிலையில்தான் போதும்! 304 எஃகு, ரோட்டார் இரும்பைவிட அதிகமாக விரியும். 100 டிகிரி சூடேறியதும் அந்த 0.05 மி.மீ. இறுக்கத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். போதாததற்கு, உறையிலேயே சுழல் மின்னோட்டம் ஓடி அதுவே சூடாகும்.

அதனால் சின்னப் பட்டறைக்கு எங்கள் பரிந்துரை இழைக் கட்டுதான்: எப்பாக்சியில் நனைத்த கண்ணாடி இழை, கெவ்லார் (வலுவான செயற்கை இழை) அல்லது கார்பன் இழை. இவை சூட்டில் எஃகு அளவுக்கு விரியாததால் மோட்டார் சூடாகச் சூடாக இறுக்கம் தளராது. லேத்தில் ரோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டு, இழையைச் சீரான இழுவையில், இடைவெளி விடாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும் திரும்பவும் ஓட்ட வேண்டும். இழுவை தளர்ந்தால் கட்டு வெறும் அலங்காரம். காந்தங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை முதலில் எப்பாக்சியால் நிரப்பிச் சமப்படுத்திவிட்டுக் கட்டுங்கள். விளிம்பில் மடியும் இழை அங்கேதான் அறும். கட்டும் முன் ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ. இருந்தால் கட்டு 0.4 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் காந்தத்தைச் சாணை பிடிக்க நினைக்காதீர்கள்: பூச்சு போகும், அந்தத் தூள் தீப்பிடிக்கவும் செய்யும்.

ரோட்டார் வெளியே சுழலும், சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த ஹப் மோட்டார் போன்றவற்றுக்கு இந்தக் கட்டு தேவையில்லை. அங்கே சுழலும் விசை காந்தத்தைக் கூட்டின் மேலேயே அழுத்துகிறது. அப்படியும் கழன்றால், தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறதா, பேரிங் ஆடி ஸ்டேட்டர் காந்தத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பேரிங்கை மாற்றாமல் ஒட்டிப் பயனில்லை.

வேலை முடிந்ததும் ரோட்டாரைச் சமன் பார்க்க வேண்டும். எடை குறைக்கத் துளை போடுவதானால் ரோட்டாரின் முனைத் தகட்டில்தான் போட வேண்டும். மூடியை மாட்டிக் கையால் சுற்றும்போது எங்கும் உரசல் கேட்கக் கூடாது. பிறகு வேகச் சோதனை: சுழலும் மின் எந்திரங்களுக்கான ஐஇசி 60034-1 என்ற சர்வதேச விதிப்படி மோட்டாரின் உச்ச வேகத்தைப் போல 1.2 மடங்கில் 2 நிமிடம். இருபது சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் விசை 44 சதவீதம் கூடிவிடும். கெட்டியான இரும்புக் கூண்டுக்குள் வைத்து, ரோட்டார் சுழலும் தளத்தில் யாரும் நிற்காமல் தள்ளி நின்றே இயக்க வேண்டும். நின்றபின் மூடியைத் திறந்து கட்டின் மேல் வெள்ளைக் கீறலோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மறுசீரமைப்புப் பட்டறைப் பணியாளர்கள்