ஒன்றும் மிஞ்சாதா? ஒன்று மிஞ்சும்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன புதன்கிழமை மாணவர் பக்கத்தில் 3/4 × 4/3 என்று ஒரு கணக்குப் போட்டு, "மேலும் கீழும் அடித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்று எழுதியிருந்தீர்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை நம்பி, விடை பூச்சியம் என்று போட்டுவிட்டாள். கேட்டால், "எல்லாம் அடிபட்டுப் போச்சே, பாட்டா" என்கிறாள். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பேப்பரில் வந்ததாயிற்றே!

ஒன்று மிஞ்சும் ஐயா! ஓர் 'உம்' சேர்ந்ததில் கணக்கே கவிழ்ந்துவிட்டது. 3-ஐ 3-ஆல் வகுத்தால் 1, 4-ஐ 4-ஆல் வகுத்தாலும் 1. எந்த எண்ணோடு பெருக்கினாலும் அதை மாற்றாத இந்த ஒன்றுக்குத்தான் பெருக்கல் சமனி என்று பெயர். 3/4-ஐ 2/2-ஆல் பெருக்கி 6/8 என்கிறோமே, அங்கே வேஷம் கட்டி நிற்பதும் இதே ஒன்றுதான். உங்களுக்குத் தெரியாததா!

மார்த்தாண்டத்தில் முப்பது வருஷம் தேங்காய் எண்ணெய்க் கடை வைத்திருந்தவன் நான். முக்கால் லிட்டர் குப்பியில்தான் ஊற்றுவோம். ஒரு லிட்டரை ஊற்றினால் ஒரு குப்பி நிறைந்து கால் லிட்டர் மீதி நிற்கும். அது அடுத்த குப்பியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, குப்பிக்கு 3/4 லிட்டர். லிட்டருக்கு 4/3 குப்பி. தலைகீழி, அதாவது பெருக்கினால் ஒன்று வரும் ஜோடி எண், என்பது இவ்வளவுதான். ஆறு லிட்டரை 3/4-ஆல் வகுக்க 6 × 4/3, எட்டுக் குப்பி. வகுக்கச் சொன்னால் ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். சார் சொன்ன பதில் உள்ளங்கையில் விழுந்தது. கடையில்தான் புரிந்தது.

அதே பக்கத்தில் "எல்லா எண்ணுக்கும் தலைகீழி உண்டு" என்று வேறு. பூச்சியத்துக்கு ஏது? எதைக் கொண்டு பெருக்கினாலும் அது ஒன்றாகப் போவதில்லை.

அப்புறம், காலில் பாதியான அரைக்காலை 1/6 என்று முன்பொரு மலரில் போட்டீர்கள். 1/8 என்று எழுதினேன், பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் கூடினால் முதலில் காணாமல் போவது எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பக்கம்தான். 1956 நவம்பர் 1-லேயே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். சேதி உங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை போலும். சூரிய உதயப் படம் எடுக்க மட்டும் வழி தெரிகிறது.

சரி, வருகிற புதன்கிழமை அதே இடத்தில், அதே எழுத்தளவில் "விடை 1" என்று போடுங்கள். பேத்தி வெட்டி நோட்டில் ஒட்ட வேண்டுமாம். நான் சொன்னால் நம்ப மாட்டாளாம்.

இப்படிக்கு,
பழைய எண்ணெய்க் கடைக்காரர்,
மார்த்தாண்டம்.